மூடிக்கிடக்கும் பொதுக் கட்டடத்தை முதியோருக்கான குறைந்த வாடகை வீடுகளாக மாற்றுவது: எது சரிவரும், எது வராது?

#1 படிக்கல்

பிள்ளைகள் குறைந்து மூடிய பள்ளி, வேறு இடத்துக்குப் போய்விட்ட அலுவலகம், கைவிட்ட மருத்துவமனைப் பிரிவு என்று பொதுப் பணத்தில் கட்டிய கட்டடங்கள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன. இன்னொரு பக்கம், ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் பெரியவர்களுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. இதையும் அதையும் சேர்த்தால் போதுமே என்று மேலோட்டமாகப் பார்க்கும்போது தோன்றுகிறது. ஆனால் நடைமுறையில் எங்கே உதைக்கிறது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகக் கட்டில் போட்ட முதியோர் இல்லத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. தனிக் கதவு, தனிச் சமையலறை, தனிக் குளியலறை உள்ள வீடு. சாவி குடியிருப்பவர் கையில். கட்டட வேலை தெரிந்தவர்கள், கணக்கு தெரிந்தவர்கள், வயதானவர்களோடு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

#2 எதிர்வாதி

வழக்கம்போல நான் குறுக்கே நிற்கிறேன். யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய கட்டடத்தை வயதானவர்கள் தலையில் கட்டுவதற்குப் பெயர் நலத்திட்டமா? இடித்துத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் அவர்களுக்கென்றே அளவெடுத்துப் புதிதாகக் கட்டினால் லிஃப்ட், அகலமான கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாம் முதல் நாளே சரியாக அமையும். பழையதை ஒட்டுப்போட்டு மாற்றும் செலவு புதிதாகக் கட்டுவதையே தாண்டிப் போவதும் உண்டு.

#3 வரைபலகை

எதிர்வாதி சொல்வதில் பாதி உண்மை. எல்லாக் கட்டடமும் வீடாகாது. எது ஆகும், எது ஆகாது என்பதை உள்ளே போகாமலே, வரைபடத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். நான் முதலில் பார்ப்பது ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவர் வரை உள்ள ஆழம். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். மேல்விளிம்பு 2.7 மீட்டரில் இருந்தால் ஆறேழு மீட்டர் வரைக்கும். அதற்கு அப்பால் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கில் பழைய பள்ளிகள் தேறிவிடும். மின்விளக்கை நம்பாத காலத்தில், பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்க வேண்டும் என்றே ஜன்னலைப் பெரிதாக வைத்துக் கட்டியவை அவை. தாழ்வாரமும் அகலம். இரண்டு மீட்டர் அகலத் தாழ்வாரம் என்றால் சக்கர நாற்காலி போக இடம்விட்டு, ஓரமாக ஒரு பெஞ்சும் போடலாம். உயரமான மேல்தளம் குழாய்களை மறைக்க உதவும். பழைய மருத்துவமனைகளிலும் நீளமான, ஒல்லியான வார்டுக் கட்டடங்கள் நன்றாக வரும். மாட்டிக்கொள்வது பிற்கால அலுவலகங்கள். ஏசியை நம்பி இருபது மீட்டர் ஆழத்துக்குக் கட்டியவை. நடுவில் இருட்டு. அங்கே வீடு வெட்டினால், ஒரே ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள நீளப் பெட்டிதான் கிடைக்கும்.

இதை ஒரு நாடு செய்தே பார்த்துவிட்டது. இங்கிலாந்தில் 2013 முதல், முழுத் திட்ட அனுமதி வாங்காமலே அலுவலகத்தை வீடாக மாற்றலாம் என்று விட்டார்கள். அப்படி வந்த வீடுகளைப் பற்றிய ஆய்வொன்று 2020இல் வெளியானது. குறைந்தபட்சப் பரப்பளவுத் தரத்தை எட்டியவை அவற்றில் 22 சதவீதம்தான். முறையான அனுமதியோடு மாற்றியவற்றில் அது 73 சதவீதம். அதற்குப் பிறகுதான் வெளிச்சமும் பரப்பளவும் கட்டாயம் என்று விதியை இறுக்கினார்கள். ஆக, தப்பு பழைய கட்டடத்தில் இல்லை, கேள்வி கேட்காமல் விட்டதில்தான்.

பரப்பளவைப் பற்றி இன்னொரு விஷயம். அங்கே ஒருவர் வசிக்கும் வீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு 37 சதுர மீட்டர். ஏழுக்கு எட்டு மீட்டர் வகுப்பறை என்றால் 56. இரண்டு வகுப்பறையைச் சேர்த்து மூன்று வீடாக வெட்டினால் தலைக்கு 37 வருகிறதே என்று கணக்குப் போட்டுக்கொண்டு யாராவது ஒருவர் கூட்டத்துக்கு வருவார். தடுப்புச்சுவரின் தடிப்பையும் குழாய் போகும் இடத்தையும் கழித்தால் அது நிற்காது. ஒரு வகுப்பறைக்கு ஒரு வீடு. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

#4 பழைய பொறியாளர்

வரைபலகை சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: கோப்பில் இருக்கும் வரைபடத்தை நம்ப வேண்டாம். பொதுக் கட்டடம் என்றால் நடுவே எத்தனையோ பேர் சுவரை எடுத்திருப்பார்கள், சேர்த்திருப்பார்கள். யாரும் பதிந்து வைத்திருக்க மாட்டார்கள். முதலில் அளந்து புதிதாக வரைய வேண்டும்.

பாரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் நல்ல செய்திதான். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும் என்று வடிவமைப்பார்கள். வகுப்பறைக்கு 300. நூலகப் புத்தக அறைக்கு அதைவிட மிக அதிகம். ஆகவே பள்ளி வீடாகும்போது தளத்துக்குக் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வீடு செங்கல் தடுப்புச்சுவர் எழுப்பி அந்த மிச்சத்தையும் தின்றுவிடுகிறார்கள். எடை குறைந்த தடுப்புதான் வேண்டும்.

பிரச்சினை கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில்தான். கட்டடம் பூட்டியிருந்த காலத்தில் மொட்டைமாடி வடிகாலை யாராவது சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். இலை அடைத்துத் தண்ணீர் தேங்கி, தளத்தில் ஊறி, கம்பி துருப்பிடித்து ஊதி, அடிப்பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்திருக்கும். வெளிப்பக்கம் பளிச்சென்று இருந்தாலும் மேல்மாடியின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் பேசக் கூடாது. சுத்தியல் சோதனையோடு நிறுத்தாமல், சில இடத்தில் கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். என்ன வகைத் தளம் என்பதும் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாள் இருக்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். காரணம், உள்ளே காற்றுக் குமிழ்களோடு செய்த எடை குறைந்த ஒருவகைக் கான்கிரீட் பலகைகள். போன நூற்றாண்டின் நடுவில் மலிவு என்று பொதுக் கட்டடங்களில் தாராளமாகப் போட்டது. முன்னறிவிப்பே இல்லாமல் இடிந்து விழும் ரகம்.

அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் இழுத்தால் நுரையீரலைக் கெடுக்கும் நார். கூரைத் தகடு மட்டும் இல்லை. குழாய் உறை, பழைய தரை ஓடு, கொதிகலன் அறை, தீத்தடுப்புப் பலகை என்று எங்கும் ஒளிந்திருக்கும். அசைக்காதவரை பரவாயில்லை, சுவரை உடைக்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. முன்னாலேயே ஆள் வைத்துத் தேடிப் பார்த்தால் அது ஒரு செலவுக் கணக்கு. வேலை நடக்கும்போது அகப்பட்டால் வேலையே நின்றுபோகும்.

#5 குழாய்க்காரர்

நான் குழாய் வேலை பார்க்கிறவன். என் பார்வையில் விஷயம் முழுக்கக் கழிப்பறையில் இருக்கிறது.

பள்ளியிலோ அலுவலகத்திலோ கழிப்பறை எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருக்கும். வீடாக்கினால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று வேண்டும். கழிவுக்குழாய் நாலு அங்குலம். அது சாய்வில்தான் ஓடும். நாற்பதுக்கு ஒன்று என்று சாய்வு கொடுத்தால், ஆறு மீட்டர் போவதற்குள் 15 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். அந்த 15 சென்டிமீட்டருக்கு எங்கே இடம்? சுலபமான வழி என்று சில ஒப்பந்ததாரர்கள் குளியலறைத் தரையை உயர்த்திவிடுவார்கள். அடியில் குழாய், மேலே டைல்ஸ், வாசலில் ஒரு படி. இளவட்டங்கள் குடியிருக்கும் வீடென்றால் சரி. எழுபது வயதில் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகிறவருக்கு அந்த ஒரு படிதான் எமன்.

சரியான வழி: இரண்டு வீட்டுக்கு நடுவில் செங்குத்தாக ஒரு குழாய்ச் சந்து. இரண்டு பக்கமும் குளியலறை முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும். கிடையாக ஓடும் தூரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. அதையும் கீழ்வீட்டு மேல்தளத்துக்கு அடியில் தொங்கவிட்டு மூடிவிடலாம். தளத்தைத் துளைக்கும் இடத்தைப் பழைய பொறியாளர் ஐயா மாதிரி ஒருவர் குறித்துத் தர வேண்டும். முன்னழுத்தக் கம்பி (இழுத்து இறுக்கிய நிலையில் கான்கிரீட்டுக்குள் பதித்தது) உள்ள தளத்தில் நாமாக இயந்திரத்தை வைத்தால் கதை முடிந்தது.

இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது. மூடிய கட்டடத்தின் குழாய்களில் பழைய தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்கள் கூட்டமாக நிமோனியாவில் விழுந்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. ஷவரிலிருந்து வரும் நுண்துளியை மூச்சில் இழுத்தாலே தொற்றும். அதிகம் பாதிப்பது வயதானவர்களை. ஆகவே பழைய தொட்டியையும் குழாயையும் கழுவிப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புதிதாகப் போடுங்கள். வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி சாகாது. ஆனால் அதே சூட்டில் குழாயில் வந்தால் தோல் வெந்துவிடும். அதனால் குளிக்கும் இடத்தில் குளிர்நீரைக் கலந்து 43 டிகிரி அளவில் நிறுத்தும் வால்வு ஒன்று வேண்டும். சின்னச் சாமான்தான். பட்டியலில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

#6 எழுபத்துமூன்று

எல்லோரும் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், குடியிருக்கப் போகிறவள் நான் பேசலாமா? என் வயதுதான் இங்கே என் பெயர்.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். தலைமாட்டில் படுத்தபடி எட்டும் இடத்தில் விளக்கு சுவிட்ச். கழிப்பறைக்குப் போகும் வழியில் கதவு திருப்பமே இல்லாமல் நேராகப் போக வேண்டும். உட்கார்ந்து எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, அதுவும் என் எடையைத் தாங்குகிற மாதிரி சுவருக்குள் ஊன்றியது. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்து அது கையோடு வந்துவிட்ட அனுபவம் எங்கள் வயதில் பல பேருக்கு உண்டு. குளியலறைத் தரையும் அறைத் தரையும் ஒரே நிறத்தில் இருந்தால் விளிம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. வேறு நிறம் வையுங்கள். பூவேலை வேண்டாம், அது பள்ளம் மாதிரித் தெரியும்.

ஜன்னலில் உட்கார்ந்தால் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று தெரிய வேண்டும். அமைதியாக இருக்கட்டும் என்று எங்களைக் கட்டடத்தின் பின்பக்கமாகப் பார்க்க வைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அமைதி நிறையவே இருக்கிறது.

சாமான் வைக்க இடம் வேண்டும். ஐம்பது வருடக் குடித்தனத்தை ஒரு அலமாரிக்குள் அடக்கச் சொல்லாதீர்கள். பேத்தி வந்தால் ஓர் இரவு தங்க அனுமதி கேட்டுப் படிவம் நிரப்பும் வீடு எனக்கு வேண்டாம். வாசலில் பெயர்ப்பலகை வைப்பதானால் அதில் முதியோர் என்ற சொல்லே இருக்கக் கூடாது. தெருவுக்கும் கதவு எண்ணுக்கும் உள்ள முகவரி போதும்.

#7 இரவுப்பணி

அம்மா சொன்ன சுவிட்ச், கைப்பிடி, தரை நிறம் மூன்றும் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நான் வயதானவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். உலகம் முழுக்க விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் அறுபதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

சில குறிப்புகள் மட்டும். குளியலறைக் கதவு உள்ளே திறக்கக் கூடாது. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், எங்களால் தள்ள முடியாது. வெளியே திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். கதவைத் திறந்தால் 80 சென்டிமீட்டராவது தடையில்லாமல் கிடைக்க வேண்டும், 90 என்றால் நல்லது. சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம். லிஃப்ட் ஸ்ட்ரெச்சர் படுத்தபடி போகும் நீளத்தில், அதாவது உட்புறம் 2.1 மீட்டர். உதவிக்கு அழைக்கும் கயிறு தரை வரைக்கும் தொங்க வேண்டும், ஏனென்றால் விழுந்தவர் கை தரையில்தான் இருக்கும். நான் போன இடங்களில் அந்தக் கயிறு துடைப்பத்தில் மாட்டுகிறது என்று மேலே சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துவிடுவேன். அடுத்த முறை போனால் மறுபடி முடிச்சு.

வெளிச்சம் இரண்டு மடங்காவது வேண்டும். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான்.

வெப்பத்தை மறக்காதீர்கள். 2003 கோடையில் பிரான்ஸில் வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். கூரைக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி வீடுகளில் ஆபத்து கூடுதலாக இருந்தது. கூரைக்கு வெப்பத் தடுப்புப் போடப் பணமில்லை என்றால் மேல்மாடியில் ஆளைக் குடிவைக்காதீர்கள்.

#8 எதிர்வாதி

> மேல்மாடியில் ஆளைக் குடிவைக்காதீர்கள்

இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது தரைத்தளம்தான். சரி, தீப்பிடித்தால்? லிஃப்ட் நின்றுவிடும். எண்பது வயதுக்காரர் மூன்று மாடி இறங்குவாரா? லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 2017இல் 72 பேர் இறந்தது நினைவிருக்கிறதா? அதுவும் பழையதைப் புதுப்பித்த கட்டடம்தான்.

#9 பழைய பொறியாளர்

நினைவிருக்கிறது. அங்கே தீயைப் பரப்பியது பழைய கான்கிரீட் கூடு இல்லை, புதுப்பிக்கும்போது வெளியே ஒட்டிய எரியக்கூடிய உறை. மாற்று வேலையில் எதைக் கூடுதலாக ஒட்டுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

இறங்க முடியாதவர்களுக்கு வழி, இறங்காமல் பக்கவாட்டில் நகர்வது. ஒவ்வொரு தளத்தையும் தீத்தடுப்புச் சுவராலும் தானாக மூடும் கதவாலும் இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்துவிட்டால், எரியும் பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம். மருத்துவமனைகளில் இதுதான் முறை. பள்ளிகளில் பெரும்பாலும் தாழ்வாரத்தின் இரண்டு முனையிலும் படிக்கட்டு இருக்கும், அது பெரிய வரம். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் தெளிப்பான் கட்டாயம். குழாய்க்காரர் போடும் ஒவ்வொரு துளையையும் சுற்றி இடைவெளியைத் தீத்தடுப்புப் பொருளால் அடைத்தாக வேண்டும். எவ்வளவு நல்ல சுவராக இருந்தாலும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாயைச் சுற்றிக் கையளவு ஓட்டை இருந்தால் புகை அது வழியாகப் போய்விடும். வேலை முடிந்ததும் சீலிங்கை மூடிவிடுவதால் அதை யாரும் பார்ப்பதில்லை. மூடுவதற்கு முன் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

#10 கணக்குப்பிள்ளை

நேரமாகிவிட்டது, இருந்தாலும் இதை எழுதிவிட்டுப் போகிறேன். நீங்கள் பேசுவது எல்லாம் ஒரு தடவைச் செலவு. திட்டங்கள் விழுவது மாதச் செலவில்.

கட்டடம் இனாமாகக் கிடைக்கிறது என்பதால் வாடகை குறைந்துவிடாது. லிஃப்ட் பராமரிப்பு, தெளிப்பான் சோதனை, பொது விளக்கு, காப்பீடு, இரவில் ஒரு ஆள், கூரைக்காக ஒதுக்கும் நிதி, இதெல்லாம் மாதாமாதம் வேண்டும். பன்னிரண்டு வீட்டுக்கு ஓடும் லிஃப்ட்டுக்கும் நாற்பது வீட்டுக்கு ஓடும் லிஃப்ட்டுக்கும் பராமரிப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. பன்னிரண்டு பேர் பிரித்துக் கட்டும்போதுதான் கசக்கும். அதனால் சின்னக் கட்டடம் என்றால் தரைத்தளத்தை மட்டும் வீடாக்கி, மேலே வேறு எதற்காவது வாடகைக்கு விடும் யோசனையைத் தள்ளிவிடாதீர்கள். எதிர்வாதி கிண்டலாகச் சொன்னது சில கட்டடங்களுக்கு நல்ல விடைதான்.

அடுத்து, குறைந்த வாடகை என்றால் எதைவிடக் குறைவு? இங்கே பல திட்டங்கள் ஏமாற்றும். இங்கிலாந்தில் 2011இல் கட்டுப்படியாகும் வாடகை என்று ஒரு வகை கொண்டுவந்தார்கள், சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை. சந்தை ஏறினால் அதுவும் ஏறும். ஓய்வூதியம் அதே வேகத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1959இலிருந்து இருக்கும் பிரிவு 202 திட்டம் இதற்கு மாறானது. 62 வயது நிரம்பிய, வருமானம் குறைந்தவர்களுக்கு. கட்டடச் செலவுக்கு அரசு பணம் தரும். குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கட்டுகிறார், மீதி மாதச் செலவை மானியம் ஈடுகட்டுகிறது. வருமானத்தோடு கட்டிய வாடகைதான் வயதானவர்களுக்கு உதவும். ஆனால் அந்த மீதியைப் போட ஆள் இல்லாமல் அந்த முறையை அறிவிப்பது வெறும் பேச்சு.

மூன்றாவது, எத்தனை வருடம்? அமெரிக்காவில் 1986இல் வந்த வரிச் சலுகை முறையில் குறைந்த வாடகை வீடுகள் ஏராளமாக வந்தன, பழைய கட்டடங்களை மாற்றியவையும் உண்டு. வரலாற்றுக் கட்டடமாக இருந்தால் சீரமைப்புக்கு இன்னொரு 20 சதவீதச் சலுகையும் சேரும். வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக 15 வருடமும் அதற்கு மேல் இன்னொரு 15 வருடமும். முடிந்ததும் உரிமையாளர் சந்தை வாடகைக்குப் போகலாம். இந்தியாவில் 2020இல் அறிவித்த வாடகை வீட்டுத் திட்டத்தில், பூட்டிக் கிடந்த அரசு வீடுகளை 25 வருடத்துக்கு நடத்தக் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். அது இடம்பெயர்ந்த தொழிலாளர்களை மனதில் வைத்து வந்தது. 65 வயதில் குடிவந்தவருக்கு 25 வருடம் என்பது 90. அப்போது வெளியே அனுப்பினால் எங்கே போவார்?

என்னைக் கேட்டால், நிலத்தை விற்கவே கூடாது. நகராட்சியோ அறக்கட்டளையோ நிலத்தை வைத்துக்கொண்டு கட்டடத்தை மட்டும் நீண்ட குத்தகைக்குத் தர வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 1969இல் தொடங்கிய சமூக நில அறக்கட்டளை முறையின் சாரம் இதுதான்: மேலே எது மாறினாலும் நிலம் சந்தைக்கு வராது. குடியிருப்பவரின் வருமானத்தில் எத்தனை சதவீதம் வாடகை, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றலாம், நடத்துபவர் திவாலானால் யார் எடுத்துக்கொள்வது என்ற மூன்றையும் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். கட்டட வரைபடத்துக்கு முன்னால் இந்தப் பத்திரத்தின் வரைவு வர வேண்டும். வரைபலகை கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

#11 வரைபலகை

கோபமில்லை. பத்திரம் இல்லாமல் வரைந்து குப்பைக்குப் போன படங்கள் என் அலமாரியில் நிறைய உண்டு.

#12 மட்டுறுத்துநர்

கட்சி பெயர் சொல்லி எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

#13 படிக்கல்

அருமை, எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி. கட்டடம் தேறுகிறது, பத்திரமும் சரி என்றே வைப்போம். இடம் ஒதுக்குப்புறமாக இருந்தால்? மூடிய பள்ளிகளில் பல, ஆள் குறைந்த இடங்களில்தானே இருக்கின்றன.

#14 இரவுப்பணி

அப்படியானால் வேண்டாம். கட்டடத்தை மாற்றலாம், அது நிற்கும் இடத்தை மாற்ற முடியாது. ஊன்றுகோலோடு நடக்கும் தூரத்தில் மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், சாமான் வாங்க ஒரு கடை, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் வீடு கொடுத்தால், ஆறு மாதத்தில் அவர்கள் அறையைவிட்டு வெளியே வருவதே நின்றுவிடும். அப்புறம் நான்தான் தினமும் போக வேண்டியிருக்கும்.

#15 எழுபத்துமூன்று

நடக்கும் வழியில் உட்கார ஒரு இடமும் வேண்டும், தம்பி. தூரம் பெரிய விஷயமில்லை. நடுவில் இளைப்பாற முடியுமா என்பதுதான்.

#16 கணக்குப்பிள்ளை

ஜப்பானைப் பாருங்கள். 2002 முதல் 2020 வரை அங்கே 8,500க்கும் மேற்பட்ட பொதுப் பள்ளிகள் மூடப்பட்டன. கட்டடம் மிஞ்சியவற்றில் நான்கில் மூன்று ஏதோ ஒரு வேலைக்கு மறுபடி பயன்படுகின்றன. எந்தப் பள்ளி காலியாக இருக்கிறது, எடுத்து நடத்த யார் தயார் என்று பொருத்திவைக்க, 2010 முதல் கல்வி அமைச்சகமே பட்டியல் வெளியிடுகிறது. முதியோருக்கான வசதிகளும் அதில் உண்டு, ஆனால் அவை சின்னப் பங்குதான். பெரும்பாலானவை வேறு பள்ளிகளாகவும் விளையாட்டுக்கூடமாகவும் சமூகக் கூடமாகவும் போயிருக்கின்றன. ஒதுக்குப்புறமான கட்டடத்துக்கு அப்படி வேறு வேலை தேடுவதுதான் சரி. எல்லாவற்றையும் முதியோருக்கே என்று பிடிவாதம் வேண்டாம்.

#17 எதிர்வாதி

சரி, பாதி வழிக்கு வருகிறேன். நடுவில் இருக்கிற, ஒல்லியான, கூரை ஒழுகாத பள்ளி என்றால் இடிக்க வேண்டாம். ஆனால் கட்டடம் முழுக்க வயதானவர்களை மட்டும் நிரப்புவது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நெதர்லாந்தில் டெவென்டர் நகரில் ஒரு முதியோர் குடியிருப்பில் மாணவர்களை வாடகை இல்லாமல் தங்கவைத்து, பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் பெரியவர்களோடு செலவழிக்கச் சொல்கிறார்கள். அப்படி ஏதாவது செய்யுங்கள். சில வீடுகளை இளைஞர்களுக்கு ஒதுக்குங்கள்.

#18 எழுபத்துமூன்று

ஒதுக்குங்கள், நல்லது. மணிக்கணக்குப் போட்டு என்னோடு பேச வருகிற பிள்ளை வேண்டாம். மேலே உள்ள விளக்கை மாற்றித் தருகிற பிள்ளை இருந்தால் போதும்.

#19 படிக்கல்

மனதில் ஒரு கட்டடம் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர்களிடம் உள்ளே பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். பொறியாளர் ஒருவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அளவுநாடா தவிர வேறு என்ன கொண்டுபோக வேண்டும்?

#20 பழைய பொறியாளர்

நல்ல டார்ச், முகக்கவசம், தடித்த அடி உள்ள ஷூ, செருப்பு வேண்டாம். நேராக மேல்மாடிக்கு ஏறி, மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு மூலையையும் படம் எடுங்கள். வாசல் தரை வெளித் தரையைவிட எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். 60 சென்டிமீட்டர் என்றால், பன்னிரண்டுக்கு ஒன்று சாய்வில் சாய்தளத்துக்கு மட்டும் ஏழு மீட்டருக்கு மேல் வேண்டும். முன்புறம் அவ்வளவு இடம் இருக்கிறதா பாருங்கள். எதையும் தட்டி உடைத்துப் பார்க்காதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் அறிக்கை வரும்வரை.

#21 குழாய்க்காரர்

எந்தக் குழாயையும் திறக்காதீர்கள், ஷவரை முக்கியமாக. கழிப்பறைப் பக்கம் நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம், தரைவடிகாலில் நாற்றத்தைத் தடுக்க நிற்கும் தண்ணீர் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். கழிவுநீர் கட்டடத்தைவிட்டு வெளியே போகும் ஆள்துளை மூடி எங்கே இருக்கிறது, அங்கிருந்து தெருக் குழாய் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு எத்தனை வீடு வரும் என்று சொல்கிறேன்.